வழிகாட்டி எங்கே?

"நம் பிள்ளைகளுக்குத் துணிவு போதாது. கடை, கணக்கு, வளைகுடா விசா என்று அவர்களுடைய உலகம் சுருங்கிவிட்டது. பனிமலை ஏறுவோர், பாலைவனம் கடப்போர், தன்னந்தனியே நடுக்கடலில் மிதப்போர் ஆகியோரைப் பற்றிய மேனாட்டுப் படங்களைக் காட்டினாலாவது அவர்களுக்கு வீர உணர்வு பிறக்கும்."

இத்தகைய பேச்சு இராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் அண்மைக் காலமாக அடிக்கடி காதில் விழுகிறது. பள்ளி ஆண்டு விழாக்களில் பேசுவோர் இதைச் சொல்கின்றனர். திருமணப் பந்தலில் கூடும் படித்த இளைஞர்கள் சொல்கின்றனர். விடுமுறைக்கு ஊர் வரும் துபாய் அன்பர்களும் சொல்கின்றனர். கேட்பவர்கள் தலையசைக்கின்றனர்.

நான் தலையசைக்க மறுக்கிறேன். இக்கருத்து தவறு என்பதோடு நில்லாமல், மரக்கலத்தால் பெயர் பெற்றோம் என்று பெருமை பேசும் ஒரு சமுதாயம் தன்னைத் தானே இழிவுபடுத்திக் கொள்வதும் ஆகும். அப்படங்கள் வீரத்தைக் கற்பிப்பதாகச் சொல்லப்படுகிறது. அவற்றுட் பல, வீரத்தின் பாதியைத் திரைக்குப் பின்னே ஒளித்துவிட்டு மறு பாதியை மட்டும் காட்டுகின்றன என்பதே என் வழக்கு.

வழக்கைத் தொடங்குமுன் மற்றொரு சாராருக்கும் விடை கூற வேண்டும். "மத்ரஸாவில் ஓதியவர் சினிமாவைப் பற்றி எழுதுவதா?" என்று அவர்கள் கேட்பர். ஒரு காலத்தில் படம் பார்க்கக் கொட்டகைக்குப் போக வேண்டும். டிக்கெட் வாங்க வேண்டும். வாப்பாவுக்குத் தெரியாமல் திரும்ப வேண்டும். இன்று கொட்டகையே சட்டைப் பைக்குள் வந்துவிட்டது. உம்மாவின் கைப்பேசியில் ஏழு வயதுப் பிள்ளை பார்க்கும் ஒன்றைப் பற்றி ஆலிம் வாய் திறக்கலாகாது என்றால், அப்பிள்ளையின் மனத்தைப் படம் எடுப்பவரிடமே முழுவதுமாக ஒப்படைத்துவிட்டோம் என்பதுதான் பொருள். என் மாணவர்கள் புகழ்ந்த பயணப் படங்களை நான் பார்த்தேன். சிலவற்றை இரு முறை பார்த்தேன். பார்த்த பிறகே எழுதுகிறேன்.

நம்மிடம் இருந்த அளவுகோல்

பயணத்தை அரபு மொழியில் 'ஸஃபர்' என்கிறோம். ஸீன், ஃபா, ரா ஆகிய மூன்று எழுத்துகளாலான அந்த வேர்ச்சொல்லுக்குத் திரை நீங்குதல், வெளிச்சமாதல் என்னும் பொருள்கள் உண்டு. மனிதனின் உண்மைக் குணத்தை வெளிப்படுத்துவதால்தான் பயணத்துக்கு அப்பெயர் வந்தது என்று அறிஞர்கள் விளக்குவர். ஒருவரை நல்லவர் என்று சான்று கூற வந்தவரிடம், "அவரோடு பயணம் செய்திருக்கிறீரா?" என்று உமர் (ரலி) கேட்ட வரலாறு நம் வீடுகளில் அறியாததன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் பயண ஒழுக்கங்களுக்கென்றே தனிப் பகுதி ஒதுக்கினார். வழியைத் தேடுமுன் துணையைத் தேடு என்பது அரபியர் பழமொழி. மூவர் பயணம் போனால் ஒருவரைத் தலைவராக அமர்த்திக்கொள்ளுங்கள் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. தனித்துப் போவதை அவர்கள் விரும்பவில்லை.

இவற்றுக்கெல்லாம் சிகரமாக ஒரு செய்தி உண்டு. கி.பி. 622-இல் நிகழ்ந்த ஹிஜ்ரத் பயணத்தை எண்ணிப் பாருங்கள். உலக வரலாற்றைத் திருப்பிய பயணம் அது. அதில் வழி காட்டியவர் யார்? அப்துல்லாஹ் இப்னு உரைகித். கூலிக்கு அமர்த்தப்பட்டவர், அப்போது இஸ்லாத்தில் இல்லாதவர். இரண்டு ஒட்டகங்களை அவரிடம் நம்பி ஒப்படைத்தார்கள். மூன்று இரவுகள் கழித்து, சொன்ன சொல் தவறாமல் அவர் தௌர் குகைக்கு வந்து சேர்ந்தார். எல்லாரும் போகும் பாதையை விட்டுக் கடலோரப் பாதையில் அழைத்துச் சென்றார். அவரைக் குறிக்க ஹதீஸ் நூலில் 'கிர்ரீத்' என்னும் சொல் வருகிறது. ஊசிக் காது அளவு இடைவெளி கிடைத்தாலும் அதில் வழி கண்டுவிடும் தேர்ந்த வழிகாட்டி என்று அகராதி அறிஞர்கள் அதற்குப் பொருள் சொல்வர். குகைக்கு ஆடு ஓட்டிவந்து பால் தந்த ஆமிர் இப்னு ஃபுஹைரா, உணவு கட்டித் தந்த அஸ்மா (ரலி), ஊர்ச் செய்தி கொண்டுவந்த அபூபக்கரின் மகன் அப்துல்லாஹ் ஆகிய எல்லார் பெயரும் நமக்கு வந்து சேர்ந்துள்ளன.

மாபெரும் பயணத்தின் வரலாற்றில் கூலி வழிகாட்டியின் பெயரும் விடுபடவில்லை. இதுவே நம் அளவுகோல். ஒரு பயணக் கதையைப் பார்த்தால் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். வழி காட்டியவர் யார்? சுமை சுமந்தவர் யார்? வீட்டில் காத்திருந்தவர் யார்? இம்மூவரையும் மறைத்துவிட்டு ஒருவனை மட்டும் வீரன் என்று நிறுத்தினால், அக்கதையில் ஏதோ களவு நடந்திருக்கிறது.

கிணற்றடியில் விழுந்த சடலம்

பாலைவனப் பயணப் படங்களில் தலைசிறந்ததாகப் போற்றப்படுவது, டேவிட் லீன் இயக்கி 1962-இல் வெளிவந்த 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. ஏழு ஆஸ்கர் விருதுகள் பெற்றது. ஜோர்தான் நாட்டு வாதீ ரம் பாலையின் செம்மணலையும் பாறைகளையும் அப்படம் காட்டும் அழகை நான் மறுக்கவில்லை. மணற்பரப்பின் பேரமைதியைத் திரையில் இவ்வாறு வேறெவரும் கொண்டுவந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அழகு மிகுந்த இடத்தில்தான் களவும் எளிதாகிறது.

படத்தின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரி லாரன்ஸை அமீர் ஃபைஸலிடம் அழைத்துச் செல்ல தஃபாஸ் என்னும் அரபு வழிகாட்டி வருகிறார். ஒட்டகம் ஏறக் கற்றுத் தருபவர் அவர். தண்ணீரை அளந்து குடிக்கக் கற்றுத் தருபவரும் அவர். இருவரும் ஒரு கிணற்றை அடைகின்றனர். தொலைவில் கானல் அலைக்குள்ளிருந்து ஒரு கரும்புள்ளி தோன்றுகிறது; மெல்ல மெல்லப் பெரிதாகிறது; ஒட்டகம் ஏறிய வீரன் ஆகிறது; துப்பாக்கி முழங்குகிறது; தஃபாஸ் செத்து விழுகிறார். வந்தவர் ஷரீஃப் அலீ. தம் கோத்திரத்தின் கிணற்றில் வேற்றுக் கோத்திரத்தான் தண்ணீர் குடித்ததற்குத் தண்டனையாம்!

எகிப்திய நடிகர் உமர் ஷரீஃபை உலகுக்குக் காட்டிய இக்காட்சியைத் திரைப்பட வரலாற்றின் மிகச் சிறந்த அறிமுகக் காட்சி என்று விமர்சகர்கள் புகழ்வர். அன்பர்களே, அது யாருடைய மரணக் காட்சி என்று எவரேனும் கேட்டதுண்டா? வழிகாட்டியின் சடலம் கிடக்க, அரபியரின் கோத்திரப் பூசலை இடித்துரைத்து ஆங்கிலேயர் உரை நிகழ்த்துகிறார். அச்சடலம் அவருடைய அறிவுரைக்கு மேடையாகிறது. அதன்பின் மூன்று மணி நேரம் படம் ஓடுகிறது, தஃபாஸ் மறக்கப்படுகிறார். அவ்வேடத்தில் நடித்தவர் நம் துணைக்கண்டத்துக் கலைஞரான ஜியா முஹ்யித்தீன். 2023-இல் காலமானார். அவர் பெயரை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதைவிடக் கொடிது ஒன்று உண்டு. லாரன்ஸே தம் பயணத்தைப் பற்றி எழுதிய நூலில் தஃபாஸ் கொல்லப்படவில்லை. தஃபாஸும் அவருடைய மகனும் உடன் செல்கின்றனர். கிணற்றடியில் ஷரீஃப் அலீயைச் சந்திக்கின்றனர். துப்பாக்கிச் சத்தம் ஏதுமில்லை. தஃபாஸ் தாம் ஏற்ற பணியை முடித்து, விருந்தாளியை ஃபைஸலிடம் பத்திரமாகக் கொண்டு சேர்க்கிறார். ஆக, பாலைவனம் கொல்லாத வழிகாட்டியைப் படம் எடுத்தவர்கள் கொன்றனர். தனி ஒரு வீரன் தானே வழி கண்டு போவதாகக் காட்ட வேண்டும். அதற்கு வழிகாட்டி சாக வேண்டியிருந்தது! அமீர் ஃபைஸலாகவும் கோத்திரத் தலைவர் அவ்தாவாகவும் நடித்தோர் முறையே ஆங்கிலேயரும் மெக்சிகோவில் பிறந்த அமெரிக்கரும் ஆவர். அதை ஒரு குற்றமாக இங்கே நீட்ட விரும்பவில்லை. தஃபாஸின் இரத்தமே போதிய சான்று.

பனிமலையும் தண்ணீர்த் தொட்டியும்

"அது பழைய காலம்; வெள்ளையர் மனம் இப்போது மாறிவிட்டது" என்பீர்கள். சரி, 2015-ஆம் ஆண்டுக்கு வருவோம். அவ்வாண்டில் எவரெஸ்ட் சிகரத்தைப் பற்றி இரண்டு படங்கள் வெளிவந்தன. ஒன்று 'எவரெஸ்ட்' என்னும் பெரும்பொருட் செலவுப் படம். 1996 மே மாதம் புயலில் சிக்கி மலையேறிகள் எண்மர் மாண்ட நிகழ்ச்சி அதன் கதை. சிகரத்தருகே உறைந்து கிடக்கும் தலைவர், தொலைபேசியில் தம் கருவுற்ற மனைவியோடு பேசும் காட்சியில் கண்ணீர் விடாதார் இரார். அதில் சேர்ப்பாக்களும் வருகின்றனர். கயிறு கட்டுகின்றனர், சுமக்கின்றனர், ஓடுகின்றனர். ஆனால் அவர்களுடைய வீட்டு வாசலைப் படம் எட்டிப் பார்ப்பதில்லை. அவர்களுக்கும் மனைவியர் உண்டு என்பது பார்ப்பவனுக்குத் தோன்றுவதே இல்லை.

மற்றொன்று 'சேர்ப்பா' என்னும் ஆவணப்படம். ஜெனிஃபர் பீடம் என்னும் ஆஸ்திரேலியப் பெண்மணி எடுத்தது. 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் பனிப்பாறை சரிந்து, மலையேறிகளுக்காக வழி செய்துகொண்டிருந்த நேபாளத் தொழிலாளர் 16 பேர் மாண்டனர். அப்போது படக்குழு அங்கே இருந்தது. பணம் கட்டி வந்தவன் அப்பனியருவியைச் சில முறையே கடக்கிறான். சுமை தூக்குபவனோ ஒரே பருவத்தில் பல முறை கடக்கிறான் என்பதை அப்படம் உணர்த்துகிறது. அதில் சேர்ப்பாவின் குடும்பத்தார் பேசுகின்றனர். மீண்டும் மலைக்குப் போகாதே என்று மன்றாடுகின்றனர். ஒரே மலை, ஒரே ஆண்டு, இரண்டு படங்கள். நம் பிள்ளைகள் அறிந்திருப்பது எதை? முன்னதை மட்டுமே.

இனிக் கடலுக்கு வருவோம். ஆங் லீ இயக்கி 2012-இல் வந்த 'லைஃப் ஆஃப் பை' நம்மூர்ப் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த படம். புதுச்சேரிச் சிறுவன் ஒருவன் கப்பல் மூழ்கி, ஒரு வேங்கையோடு படகில் பசிபிக் பெருங்கடலில் மிதக்கும் கதை. அக்கடலின் பெரும்பகுதி தைவான் நாட்டுத் தைச்சுங் நகரில், கைவிடப்பட்ட விமான நிலையத்தில் கட்டிய அலைத் தொட்டி. தொட்டியில் எடுத்ததை நான் குறை கூறேன். நடிகனை மெய்யாகவே கடலில் தள்ளிவிட வேண்டும் என்பார் மூடர். அப்படத்துக்கு ஆலோசகராக இருந்தவர், 1982-இல் அட்லாண்டிக் கடலில் 76 நாள் மிதவையில் தனித்துத் தவித்து உயிர் பிழைத்த ஸ்டீவன் கேலஹன். தண்ணீர் சேர்ப்பதும் மீன் பிடிப்பதும் படத்தில் மெய்போல் இருப்பதற்கு அவருடைய அனுபவம் துணை நின்றது. இதிலிருந்து பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருகிறோம்? தனிமையின் கதையைச் சொல்லவும் அறிந்தவன் ஒருவன் துணை வேண்டியிருக்கிறது என்பதையா? இல்லை, "பார், எப்படித் தனியாகச் சமாளித்தான்!" என்பதை மட்டும்.

கடல் என்ன என்று கேட்க நாம் தைவானுக்குப் போக வேண்டியதில்லை. நம் வாசலில் இரண்டு கடல்கள் உள்ளன. வடக்கே பாக் நீரிணை. அதைப் பெண்கடல் என்றனர் முன்னோர். தெற்கே மன்னார் வளைகுடா, அது ஆண்கடல். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குப் பெயரிட்டு, எந்தக் காற்றில் எந்தக் கடலில் இறங்கலாம் என்று கணக்கு வைத்திருந்தனர். இக்கணக்கு ஒரு தனி வீரனின் மூளையில் உதித்ததன்று. பல தலைமுறைகள் உயிர் கொடுத்துச் சேர்த்த பொதுச் சொத்து. அவ்வளவு கணக்கும் அறிந்த கரையிலேயே 1964 டிசம்பர் 22 இரவு புயல் எழுந்து, தனுஷ்கோடியை அழித்து, ஒரு புகைவண்டியை அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவரோடு விழுங்கியது. 2017-இல் ஒக்கி புயல் குமரிக்கடலில் மீனவர்களைப் பிரித்த அவலமும் நம் கண்முன் நடந்தது. அவர்களில் யாரும் சாகசம் தேடிப் போனவர் அல்லர். உலை வைக்க அரிசி தேடிப் போனவர்கள்.

பாம்பன் தீவின் பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணில் கண்ணாடி அணிந்து, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கின்றனர். பாறை கீறும், ஜெல்லி மீன் தீண்டும், காவலர் விரட்டுவர். இதை மேனாட்டான் ஒருவன் பொழுதுபோக்காகச் செய்து படம் எடுத்தால் சாகசம் என்போம். நம் பக்கத்துத் தெருப் பெண் செய்தால் கூலி வேலை என்போம். துணிவு நம்மிடம் இல்லை என்று யார் சொன்னது? அதைத் துணிவு என்று அழைக்கும் சொல்தான் நம்மிடம் இல்லாமற் போயிற்று.

தனி வீரப் படங்கள் தரும் போதையின் விளைவையும் காண்கிறோம். அரிச்சல்முனை வரை 2017-இல் சாலை திறந்த பிறகு, இரு கடலும் சேரும் அம்முனையில் இளைஞர்கள் கைப்பேசியை நீட்டியபடி நீரில் இறங்குகின்றனர். அங்கே நீரோட்டம் எவ்வாறு இழுக்கும் என்று அவர்கள் கேட்பதில்லை. கரையில் வலை உலர்த்தும் முதியவரை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 25 மணி நேரத்துக்கு மேல் நீந்தினார் என்று பாடம் படித்திருப்பர். அவருக்கு இந்தியக் கடற்படைக் கப்பல்கள் துணை வந்தன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லியிரார்.

வேறு விதமான படங்கள்

எல்லாப் படங்களையும் ஒரே குப்பையில் தள்ளுவது நீதியன்று. 1972-இல் குவைத் நாட்டில் காலித் அஸ்ஸித்தீக் எடுத்த 'பஸ் யா பஹ்ர்' என்னும் படம் உண்டு. 'போதும் கடலே' என்று தமிழில் சொல்லலாம். எண்ணெய் கிடைப்பதற்கு முந்திய குவைத், முத்துக்குளிப்பவர் வாழ்க்கை. கடலில் உடல் கெட்ட தந்தை, மகனைப் போகாதே என்கிறார். மணம் முடிக்கப் பணம் வேண்டிய மகன் போகிறான், திரும்பவில்லை. சங்கும் முத்தும் குளித்த கீழக்கரை மக்கள் அப்படத்தைப் பார்த்தால் மொழி தெரியாமலே அழுவர். அங்கே மகன் மூழ்குவது மட்டும் காட்டப்படவில்லை. கரையில் நிற்கும் தாயும் காட்டப்படுகிறாள். இன்று பளபளக்கும் அந்த நகரங்களில் கணக்கு எழுதும் நம் பிள்ளைகள், அம்மண்ணின் மக்களும் ஒரு காலத்தில் மூச்சடக்கிப் பிழைத்தவர்கள்தாம் என்று அறிவது நல்லது.

தமிழில் 2012-இல் சீனு ராமசாமி இயக்கிய 'நீர்ப்பறவை' அத்தகையது. கடலில் சுடப்பட்டு மாண்ட மீனவனின் கதையை, பல்லாண்டுகள் வாய் திறவாமல் இருந்த அவன் மனைவி எஸ்தரின் வாயிலாகச் சொல்கிறது. அவனுக்குப் படகு கட்டித் தருபவர் உதுமான் கனி என்னும் முஸ்லிம். படகைச் செய்தவனுக்கும், போனவனுக்கும், காத்திருந்தவளுக்கும் அப்படத்தில் முகம் இருக்கிறது.

2024-இல் வந்த 'ஆடுஜீவிதம்' பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பென்யாமினின் மலையாள நாவலைப் பிளெஸ்ஸி படமாக்கினார். வேலை தேடிச் சவூதி சென்ற நஜீப், பாலைவனத்தில் ஆட்டுக் கொட்டிலில் அடிமைபோல் சிறைப்படுகிறான். இப்படம் அரபியரை இழிவு செய்கிறது என்று நம்மவர் சிலர் கொதித்தனர். அவர்களைக் கேட்கிறேன்: நஜீபை விடுவித்து மணற்காட்டில் வழிநடத்துபவர் யார்? இப்ராஹீம் காதிரி என்னும் ஆப்பிரிக்க முஸ்லிம். சாலையோரம் அலங்கோலமாக நின்றவனைத் தம் காரில் ஏற்றிச் செல்பவர் யார்? ஓர் அரபியர். கொடுமை செய்தவனை மட்டும் கண்டு, கை கொடுத்தவர்களைக் காணாமற் போனது படத்தின் குற்றமா, நம் கண்ணின் குற்றமா? கஃபீலின் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் நம் மாவட்டத்திலும் உண்டு. அவர்களுடைய கண்ணீரைவிட அரபியரின் நற்பெயர் நமக்குப் பெரிதாகிவிட்டதா? அநீதி செய்தவன் நம்மவனாயினும் அநீதி அநீதியே என்றுதானே ஓதினோம்!

இப்படமும் ஜோர்தானின் வாதீ ரம் பாலையில் எடுக்கப்பட்டது. 2020-இல் பெருந்தொற்றுக் காலத்தில் படக்குழு அங்கேயே முடங்கிக் கிடந்தது. தஃபாஸைச் சுட்டு வீழ்த்திய 'லாரன்ஸ்' படம் எடுத்த அதே மண். அங்கே வழிகாட்டியைக் கொன்றுவிட்டு வீரன் முன்னேறினான். இங்கே வழிகாட்டி இல்லாவிட்டால் நஜீப் ஓரடியும் வைத்திருக்க முடியாது. மணல் ஒன்றுதான், பார்த்த கண் வேறு.

நம் பக்கத்துக் குற்றம்

மேனாட்டாரை மட்டும் குற்றக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் பார்வையாளர் வரிசையில் அமரலாகாது. வழிகாட்டியை மறைக்கும் பழக்கம் நம்மிடமும் வேரூன்றியிருக்கிறது. குஞ்ஞாலி மரைக்காயரைப் பற்றி 2021-இல் பெரும் படம் வந்தபோது, நம் பிள்ளைகள் அவர் படத்தைக் கைப்பேசி முகப்பில் வைத்துப் பூரித்தனர். அவர் கப்பல்களில் துடுப்பு வலித்தவர் யாவர் என்று எவரும் கேட்கவில்லை. வள்ளல் சீதக்காதியின் கப்பல்களைப் பற்றி மேடை தோறும் முழங்குகிறோம். உமறுப்புலவரை ஆதரித்த கொடையை நினைத்து நெகிழ்கிறோம். நெகிழ வேண்டியதுதான். அக்கப்பல்களைச் செலுத்திய மாலுமி ஒருவரின் பெயரை நம்மால் சொல்ல முடியுமா? உடையவரின் பெயர் நின்றது. ஓட்டியவரின் பெயர் கரைந்தது.

இராமேசுவரத்தில் ஜைனுலாப்தீன் என்பவர் உறவினரோடு சேர்ந்து மரப்படகு கட்டினார். இராமநாத சுவாமி கோயிலுக்கு வந்த யாத்திரிகர்களைத் தனுஷ்கோடிக்கு ஏற்றிச் சென்றார். அப்படகு புயலில் அழிந்தது. இச்செய்தி நமக்கு எப்படித் தெரியும்? அவர் மகன் அப்துல் கலாம் நாட்டின் புகழ்பெற்ற விஞ்ஞானியாகி, 1999-இல் தம் வரலாற்று நூலில் எழுதியதால் தெரியும். மகன் விஞ்ஞானி ஆகாத படகோட்டிகளின் கதை என்ன ஆயிற்று?

இப்னு பதூதாவையும் எடுத்துக்கொள்வோம். 2009-இல் அவருடைய முதல் மக்கா யாத்திரையைப் பற்றி 'ஜர்னி டு மெக்கா' என்னும் படம் வந்தது. பிள்ளைகளோடு அமர்ந்து பார்க்கத் தக்கது. ஆனால் அவர் வாழ்வில் நம்மைத் தொடும் பகுதி அதில் இல்லை. 1344-இல் அவர் இலங்கையிலிருந்து மஃபர் எனப்பட்ட நம் தமிழ்க்கரை நோக்கிக் கப்பல் ஏறினார். காற்று கடுமையாயிற்று, கப்பலில் நீர் புகும் நிலை. கப்பல் பாறைகளில் மோதாமல் தப்பி, ஆழமற்ற நீரில் தரை தட்டியது. பாய்மரத்தை வெட்டி வீழ்த்தினர், மிதவை கட்டினர். அவர் மிதவையில் இறங்கப் போனபோது, "எங்களை விட்டுவிட்டா போகிறீர்?" என்று உடன் வந்தோர் கேட்டனர். அவர் அவர்களை முதலில் அனுப்பிவிட்டுத் தாம் கப்பலிலேயே தங்கினார். இரவெல்லாம் கப்பலின் பின்தளத்தில் கிடந்தார். விடிந்ததும் இக்கரையைச் சேர்ந்த, முஸ்லிம் அல்லாத சிலர் தங்கள் படகில் வந்து அவரைக் கரை சேர்த்தனர்.

அக்கப்பல் ஏன் அந்நிலைக்கு வந்தது? தேர்ந்த மாலுமி எங்களிடம் இல்லை என்று அவரே குறித்திருக்கிறார். உலகம் சுற்றிய அப்பெருமகனின் உயிர், வழி அறிந்தவன் இல்லாமையால் ஆபத்தில் சிக்கியது. வழி அறிந்தவர்கள் வந்ததால் பிழைத்தது. உடன் வந்தோரின் கேள்வியையும் தம் குறையையும் மறைக்காமல் எழுதிவைத்த அப்பெருந்தன்மையே அவரைப் பெரும் பயணியாக்கியது. அந்தப் படகுக்காரர்கள் நம் கரையோரத்து மக்கள். அன்று அவர்கள் படகை இறக்கியிராவிட்டால், இன்று உலகம் படிக்கும் அப்பயண நூல் இல்லை. அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குத் தெரியாது.

செய்ய வேண்டியது

பயணப் படங்களைத் தடை செய்யுங்கள் என்று நான் கூறவில்லை. பூமியில் பயணம் செய்யுங்கள் என்று ஏவும் மறை, பார்க்கவும் சிந்திக்கவும் சேர்த்தே ஏவுகிறது. பிள்ளைகளோடு வீட்டுப் பெரியவர்களும் அமர்ந்து பாருங்கள். படம் முடிந்ததும் அந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: வழி காட்டியவர் யார், சுமந்தவர் யார், காத்திருந்தவர் யார். விடை சொல்லத் தெரியாத படத்தைப் பிள்ளைகளே மெல்ல மெல்ல அடையாளம் கண்டுகொள்வர்.

அடுத்தது சற்று உழைப்பு வேண்டும் பணி. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம், பாம்பன், தேவிபட்டினம், தொண்டி ஆகிய ஊர்களில் பாய்மரம் கண்ட கடைசித் தலைமுறை இன்னும் முற்றாக மறையவில்லை. முன்னாள் தண்டேல்களும் சங்கு குளித்தவர்களும் திண்ணைகளில் அமர்ந்திருக்கின்றனர். அவர்களில் முஸ்லிம்கள் உண்டு, பரதவர் உண்டு, பிற சமூகத்தார் உண்டு. நம் கல்லூரி மாணவர்கள் கைப்பேசியை அரிச்சல்முனை அலைக்கு நீட்டுவதை விட்டு, அத்திண்ணைகளுக்கு நீட்டட்டும். எந்தக் காற்றில் எங்கே போனார்கள், யார் ஓட்டினார்கள், யார் திரும்பவில்லை என்று கேட்டுப் பதிவு செய்யட்டும். அவர்களுடைய உம்மாக்களையும் மனைவியரையும் கேட்கட்டும். காத்திருந்த இரவுகளைப் பற்றிப் பேச அவர்களிடம் நிறைய உண்டு. ஜமாஅத்துகள் ஆண்டு விழாவுக்கு அச்சிடும் மலரில், தலைவர்களின் நிழற்படங்களைக் குறைத்து, நான்கு பக்கம் இதற்கு ஒதுக்கட்டும்.

துணிவைக் கடன் வாங்க அலையும் அன்பர்களுக்கு இறுதியாக ஒன்று. உங்கள் பாட்டனார் எந்தப் படகில் போனார், அதன் தண்டேல் யார் என்று இன்றிரவே வீட்டில் கேளுங்கள். பெயர் தெரிந்த மூதாட்டி ஒருவர் இருந்தால் உடனே எழுதிக்கொள்ளுங்கள். அவர்களும் எத்தனை நாள் நம்மோடு இருப்பார்கள்?